ஆளுக்கு அறுபது ரூபாய்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமத்தின் கரையில் நான் முதலில் பார்த்தது ஒரு நீல பெயிண்ட் டப்பா. அதை ஒட்டி மணலில் ஏற்றியிருந்த ஃபைபர் படகின் பக்கவாட்டில், ஐம்பது வயதிருக்கும் ஒருவர் பிரஷ்ஷால் எழுத்துகளை மூடிக்கொண்டிருந்தார். 'உரிமையாளர்' என்ற சொல் அப்படியே இருந்தது. அதற்கடுத்த பெயரில் முன்பாதி போய்விட்டது. 'ப்பன்' மட்டும் மீதி.

என் பையிலிருந்த கோப்பில் அந்தப் பெயர் முழுதாக இருந்தது: அஞ்சப்பன்.

வருமான வரி இன்ஸ்பெக்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுதப்போவது, ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் கரையில் காலை ஆறு பத்திலிருந்து பதினொரு மணி வரை நடந்ததை மட்டும். அதற்குப் பிறகு நடந்ததும் கொஞ்சம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருடம் தஞ்சாவூரில் ஒரு செய்தித்தாளில் இருந்தேன். அங்கே எங்கள் செய்தி ஆசிரியர், நிருபர் கொண்டுவரும் செய்தியைப் படிக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "நீ போனப்ப மணி என்ன? முதல்ல என்ன கண்ணுல பட்டுச்சு?" பதில் தடுமாறினால் செய்தி குப்பைக்கூடைக்குப் போகும். போகாமலே எழுதிய செய்தியை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். அந்தப் பழக்கம் எனக்கு இந்த வேலையிலும் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

வழக்கு இதுதான். அந்தக் காலைக்கு இரண்டு வருடம் முன்பு, கோடையின் மீன்பிடித் தடைக்காலத்தில், அஞ்சப்பனும் அவருடைய படகில் தொழில் செய்யும் நான்கு பேரும் கேரளக் கரைக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். கிழக்குக் கடலில் தடை இருக்கும் நாட்களில் இங்கிருந்து பலர் அப்படிப் போவது உண்டு. அங்கே ஒரு பெரிய லாட்டரிக் குலுக்கலுக்கு ஒரு டிக்கெட் வாங்கினார்கள். முந்நூறு ரூபாய். இரண்டாம் பரிசு விழுந்தது. ஒரு கோடி. ஏஜென்டின் கமிஷன் பத்து லட்சம் போனது. மீதித் தொண்ணூறு லட்சத்தில் முப்பது சதவீதம், இருபத்தேழு லட்சம், வரியாகப் பிடித்துக்கொண்டு அறுபத்து மூன்று லட்சத்தை வங்கியில் போட்டார்கள்.

வரி போகத்தான் பணம் கைக்கு வந்தது, ஆகவே வரிக் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். முடிவதில்லை. ஒருவருடைய வருமானம் ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் வரிக்கு மேல் ஒரு கூடுதல் வரி உண்டு. அதற்கும் மேல் நான்கு சதவீதம் தனி. இவற்றை யாரும் முன்கூட்டியே பிடிப்பதில்லை. வென்றவரே கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். அஞ்சப்பன் கணக்கில் அது மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இரண்டு வருட வட்டி தனி. வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்லாததற்கு அபராதம் தனி. பரிசு அவர் பெயரில் வந்த காரணம் எளியது. ஐந்து பேரில் அவரிடம் மட்டும்தான் பான் கார்டு இருந்தது. எஞ்சின் கடனுக்காக எடுத்தது.

முதல் நாள் மாலை என் அதிகாரி கோப்பை நீட்டிச் சொன்னது இரண்டே வாக்கியம். "ஒரு படகு இருக்காம், போய்ப் பாத்து எழுதிட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள முடக்கிடலாம்." மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் வழக்கை முடிக்க வேண்டும்.

ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்துபோயிருந்தேன். பிரஷ் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க?"

"வருமான வரி ஆபீஸ்லேருந்து வர்றேன். நீங்கதானே அஞ்சப்பன்?"

அவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப பாதிதாங்க இருக்கேன்."

சிரிக்கவில்லை. பிரஷ்ஷிலிருந்து நீலம் அவர் காலில் சொட்டியது.

"ஏன் அழிக்கிறீங்க?"

"மச்சான் பேருக்கு மாத்துறேன். பதினோரு மணிக்குச் சீர்காழியில கையெழுத்து. டவுன்ல பத்திரம், மனு எழுதிக் கொடுக்கிறவரு ஒருத்தரு இருக்காருங்க, உங்க ஆபீஸ் கவரைப் பாத்ததுமே அவரு சொன்னாரு. உன் பேருல ஒண்ணுமே இல்லேன்னா அவனுங்க வந்து எதைத் தூக்கிட்டுப் போவானுங்கன்னு." கொஞ்சம் நிறுத்தி, "அவனுங்கன்னு அவருதாங்க சொன்னாரு" என்றார்.

இந்த இடத்தில் நான் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பேசாமல் டீக்கடையில் உட்கார்ந்து பதினொரு மணி வரை காத்திருக்கலாம். கையெழுத்து விழும். வரி வசூலைத் தடுக்கச் சொத்தை மாற்றினார் என்று பலமான வழக்கு ஒன்று கிடைக்கும். அப்படிக் காத்திருந்து பெயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். செய்தித்தாளிலும் அப்படி ஒருவர் இருந்தார். தீ நன்றாகப் பிடிக்கட்டும், படம் நன்றாக வரும் என்பார்.

"பிரஷ்ஷைக் கீழே வைங்க" என்றேன். "நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் படகை யார் பேருக்கு மாத்தினாலும் எங்க கணக்குல அது செல்லாது. படகு போகும். மாத்தினதுக்குத் தனியா ஒரு கேஸ் வரும், அது ஜெயில் வரைக்கும் போகலாம். உங்க மச்சானையும் இழுக்கும். பதினோரு மணி வரைக்கும் இது வெறும் பெயிண்ட்டுங்க."

அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வைத்தார். அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"இந்தப் படகு ஒண்ணுதாங்க இருக்கு. இது போனா நான் இன்னொருத்தன் படகுல ஏறணும். அம்பது வயசுல எவன் ஏத்துவான்?"

நான் பையைத் திறக்கவில்லை. எங்கள் கோப்பில் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"டிக்கெட்டுக்கு யாருங்க காசு போட்டது?"

"அஞ்சு பேருங்க. ஆளுக்கு அறுபது ரூபா."

"வந்த பணம்?"

"கோயிலுக்கு மூணு லட்சம் எடுத்து வச்சோம். மீதி அறுபதுல ஆளுக்குப் பன்னெண்டு. ஊரு பாக்கப் பிரிச்சுக் கொடுத்தேங்க. என் பங்குலதான் இந்தப் படகு."

இதன் பொருள் உங்களுக்குப் புரிந்திருக்கும். டிக்கெட் ஐவருக்கும் பொது என்றால் வருமானமும் ஐவருடையது. தொண்ணூறு லட்சம் ஆளுக்குப் பதினெட்டாகிவிடும். ஐம்பது லட்சத்துக்கான கூடுதல் வரி யாருக்கும் இல்லை. நான்கு சதவீதம் மட்டும்தான் பாக்கி. ஆளுக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு, அதற்கு வட்டி. ஐந்து பேர் அதைக் கட்டினால் ஒருவருடைய படகு நிற்கும். ஆனால் பரிசு விழுந்தபின் பிரித்துக் கொடுத்ததை வைத்து இதைச் சொல்ல முடியாது. பணம் வந்தபின் யார் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். விழுவதற்கு முன்பே டிக்கெட் பொதுவாக இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

அதைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "இருக்குங்களே" என்று எழுந்து படகுக்குள் கையை விட்டு, ஒரு ரெக்சின் பையை எடுத்தார். அதில் எங்கள் கடிதங்கள் மூன்றும் பிரிக்காமல் இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு முத்திரைத் தாளை உருவிக் காட்டினார். ஐந்து பேர் ஆளுக்கு அறுபது ரூபாய் போட்டு டிக்கெட் வாங்குவதாகவும், பரிசு விழுந்தால் சமமாகப் பிரித்துக்கொள்வதாகவும் ஒப்பந்தம். ஐந்து கையெழுத்து. தேதி, குலுக்கலுக்குப் பத்து நாள் முன்பு.

நான் வாங்கவில்லை. அவர் கையில் இருந்தபடியே படித்தேன். ஐந்து பேருக்கும் முகவரி போட்டிருந்தது. நான்காவது ஆள் கலைமணி. அவர் பெயருக்கு நேரே ஊரின் மேற்கே உள்ள புதுத்தெருவில் ஒரு கதவு எண். நான் வரும் வழியில் அந்த வீட்டைத் தாண்டித்தான் வந்திருந்தேன். வாசல் தூணில் கட்டிய வருடம் சிமென்ட்டில் எழுதியிருந்தது. அது பரிசு விழுந்ததற்கு அடுத்த வருடம்.

"இதையும் அவருதான் எழுதிக் கொடுத்தாரா?"

"ஆமாங்க. பழைய தாளு அவருகிட்ட இருந்துச்சு. மத்தவங்ககிட்ட விவரம் சொல்லாமலே கையெழுத்து வாங்கினேங்க. ஆனா இதுல இருக்கிறது அத்தனையும் நெசங்க. சாமி சத்தியமா நெசம்."

நிஜம்தான். அதுதான் சிக்கல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நன்னிலத்தில் ஒரு அரிசி வியாபாரியின் வழக்கில் நான் செய்த தவறு அப்போது நினைவுக்கு வந்தது. கடைக் குலுக்கலில் அவருக்கு ஒரு கார் விழுந்திருந்தது. கூப்பன் மூன்று கூட்டாளிகளுக்கும் பொது என்றார். இப்படித்தான் ஒரு தாளைக் கொடுத்தார். நான் வாங்கிக் கோப்பில் வைத்து, நல்ல ஆதாரம் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். மேலதிகாரி முத்திரைத் தாள் விற்றவரின் பதிவேட்டை வரவழைத்தார். தாள் விற்கப்பட்டது அதில் எழுதியிருந்த தேதிக்கு எட்டு மாதம் கழித்து. அதற்குப் பிறகு அந்த வியாபாரி சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. வரி முழுக்க அவர் தலையில் விழுந்தது. வரியைப் போல இரண்டு மடங்கு அபராதமும் விழுந்தது. கூப்பன் உண்மையிலேயே மூன்று பேருக்கும் பொதுதான். பல வருடம் கழித்துக் கூட்டாளிகளில் ஒருவரே என்னிடம் சொன்னார். அதற்குள் வியாபாரி கடையை விற்றுவிட்டிருந்தார். தாளை நீட்டியபோதே நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவர் அதை மடித்துப் பையில் வைத்திருப்பார்.

அஞ்சப்பனிடம் சொன்னேன்: "இதை என் கையில கொடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். வாங்கினா கோப்புல வைக்கணும். கலைமணி வீடு கட்டினதே அடுத்த வருஷம். இதுல அந்த வீட்டு நம்பர் இருக்கு. நான் பாத்ததை எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் நீங்க சொல்ற நெசமும் பொய்யாயிடும். கொடுக்கிறீங்களா?"

அவர் கதவு எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்து, பெயிண்ட் டப்பாவுக்குள் அமுக்கினார். விரல் கணு வரை நீலமாயிற்று.

நான் செய்தது சரியா என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேளுங்கள். அன்று மாலையே என் அதிகாரியிடம் நடந்ததை ஒன்று விடாமல் வாயால் சொன்னேன். கொடுக்கப்படாத தாளைக் கோப்பில் எழுதவில்லை. அவர் கடிந்துகொண்டார். நான் கேட்டுக்கொண்டேன்.

ஏழு மணிக்குள் மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். மீன் ஏலம் நடக்கும் இடம் இருபதடி தள்ளி. பாதி ஊர் அங்கே இருந்தது. காதுகள் எங்கள் பக்கம் இருந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். டிக்கெட் பொது என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும், ஆளுக்கு இருபத்தோராயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும், அதோடு முன்பே பொது என்பதற்கு ஓர் ஆதாரமும் வேண்டும்.

பேச்சு உடனே அவர்கள் தொழில் வழக்கத்துக்குப் போனது. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்கு போடுவார்கள். அது எல்லோருக்கும் பொதுச் செலவு. ஆனால் வலை கிழிந்தால் அது படகுக்காரர் பாடு. வேலைக்கு வருகிறவர் அதில் தம்பிடி தர வேண்டியதில்லை.

"இது வலைங்க" என்றார் கலைமணி. முப்பத்தைந்து வயது, வெளுத்த சட்டை. "பங்கு போட்டு முடிஞ்சப்புறம் வந்தது. அவரு பேருக்கு வந்த நோட்டீஸு. வலை கிழிஞ்சா நாங்களா தைப்போம்?"

"டேய், வலை என்னுதுடா, டிக்கெட்டு என்னுதா?" என்றார் அஞ்சப்பன்.

வயதில் மூத்த ஒருவர் இடையில் புகுந்தார். "டீசல்தான்டா இது. கோயிலுக்கு எடுத்து வச்சோம்ல, அப்பவே இதுக்கும் எடுத்து வச்சிருக்கணும். தெரியல. இப்ப எடுக்கிறோம்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அந்த மூன்று பேர் முடிவுக்கு வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கலைமணி என் பக்கம் திரும்பினார். "சார், நான் எழுதிக் கொடுத்தா ரேஷன் கார்டு போயிடும். கவர்மென்டு தர்ற தடைக்காலப் பணம் போயிடும். வரி கட்டுறவன்னு பேரு விழுந்தா நான் எந்த லிஸ்டுலயும் இருக்க மாட்டேன். அந்த டிக்கெட்டுக்கு நான் காசு போடல. அண்ணன் பிரியப்பட்டுக் கொடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான். என் பேருல ஒண்ணும் கிடையாது. வீடுகூடத் தம்பி பேருலதான் இருக்கு."

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது. டவுன்காரரின் ஆலோசனை அவருக்கும் போயிருந்தது.

ஒருவர் மறுத்தால் போதும், ஐவருக்கும் பொது என்ற கதை நிற்காது. ஆதாரமும் இல்லை. மணி ஏழு நாற்பது. சாயங்காலம் படகு முடங்கும். அஞ்சப்பன் நீல விரல்களை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஏலக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். இடுப்பில் மீன் கூடை. கலைமணியின் மனைவி செண்பகம். சீர்காழிச் சந்தையில் மீன் விற்பவர். அவர் குரலுக்கு அந்தக் கரையில் வழி விடுவார்கள் என்பதை அவர் நடந்து வந்த விதத்திலேயே பார்த்தேன்.

"ஏன்யா, நீ காசு போடலையா?"

"நீ போ, ஏலத்தைப் பாரு."

"அறுபது ரூபாயைத் தொலைச்சதுக்கு அன்னைக்கு என்கிட்ட என்னா வாங்கிக் கட்டிக்கிட்ட? அது எந்த அறுபது ரூபா?"

"அது வேற."

"எது வேற?" கூடையை இறக்கி வைத்தார். "சார், இந்த ஆளு அங்கேருந்து வாட்ஸ்அப்புல பேசி அனுப்பிச்சாரு. நானும் பேசி அனுப்பிச்சேன். என் போன்ல கெடக்கு. நான் எதையும் அழிக்கிறதில்ல, எனக்கு அழிக்கத் தெரியாது."

கலைமணி போனை வாங்கக் கையை நீட்டினார். செண்பகம் அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னேன்: "அம்மா, அதைப் போட்டுக் காட்டினா உங்க வீட்டுக்காரரும் வரி கட்டணும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க."

"ரேஷன் கார்டு போயிடுமா?"

"அது எங்க ஆபீஸ் கையில இல்ல. போகாதுன்னு என்னால சொல்ல முடியாது."

போகாது என்று சொல்லிவிடுவது எளிது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். எனக்குத் தெரியாததை நான் உறுதி சொல்லி அவர் போனைத் திறந்திருந்தால், அந்த ஆதாரத்தை நான் ஏமாற்றி வாங்கியதாகும்.

அவர் ஏலப் பக்கம் பார்த்தபடி நின்றார். ஒரு படகின் மீன் ஏலம் போய் முடியும் நேரம். பிறகு கலைமணியிடம் சொன்னார்:

"அந்த மனுசன் நெனச்சிருந்தா அறுபத்து மூணையும் அமுக்கியிருக்கலாம். நம்மகிட்ட என்னா பேப்பரு இருந்துச்சு? ஊரு பாக்கக் கொண்டாந்து வச்சாரு. இப்ப அவரு படகைக் கொடுத்துட்டு நிப்பாரு, நாம மாடியில நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என் பக்கம் திரும்பினார். "முழுசாப் போடணுமா சார்? நடுவுல மாமியாளைப் பத்தி ரெண்டு வார்த்தை இருக்கு."

"முழுசாத்தான் போடணும்."

மாமியார் மூன்று கூடை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

முதலில் கலைமணியின் குரல். பின்னால் மழைச் சத்தம். "செண்பகம், அஞ்சு பேரும் ஆளுக்கு அறுபது போட்டு ஒரு டிக்கெட்டு எடுத்திருக்கோம். அண்ணன்கிட்டதான் இருக்கு. விழுந்தா அஞ்சு பங்கு. அம்மாகிட்ட சொல்லிடாத." அடுத்து செண்பகத்தின் பதில். "அறுபது ரூபாயா? அறுபது ரூபா இருந்தா புள்ளைக்கு மூணு நாளைக்குப் பாலு வாங்குவேன். லாட்டரி விழுந்து மாடி கட்டப் போறாராம் மாடி. ஒன்னையச் சொல்லி என்னா பண்றது, வளத்தவளைச் சொல்லணும். அந்தக் கெழவி ஒன்னைய வளத்தாளா, கருவாடு காய வச்ச மாதிரி போட்டுட்டு எடுத்தாளா..." அதன்பின் இன்னும் கொஞ்சம் இருந்தது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பத்தோரு விநாடி. தேதி, குலுக்கலுக்கு நான்கு நாள் முன்பு.

கரை முழுக்கச் சிரித்தது. மாமியார் மட்டும் ஏலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதா, ரெண்டு வருஷமா மூஞ்சியிலதான் எழுதியிருக்கு" என்று பொதுவாகச் சொன்னார்.

கலைமணி சிரிக்கவில்லை. "என் குரல்தான்" என்றார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து பேரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதினேன். செண்பகத்திடம் ஆறாவது. அந்த போனை மாற்ற வேண்டாம், விற்க வேண்டாம், எதையும் தொட வேண்டாம் என்று சொன்னேன். "இதுல ஒடம்பு சரியா இருக்கிறது பேட்டரி ஒண்ணுதான் சார்" என்றார். பத்தரை மணிக்கு அஞ்சப்பன் மச்சானுக்கு போன் போட்டு, சீர்காழிக்கு வர வேண்டாம் என்றார். எதிர்முனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல மாப்ள, பெயிண்டு காயல" என்றார். பதினொரு மணிக்கு நான் இன்னும் அந்த பெஞ்சில்தான் இருந்தேன்.

மாலை அலுவலகத்தில் அறிக்கை கொடுத்தேன். முதல் வரி, காலை ஆறு பத்துக்கு உரிமையாளர் பெயரின் முன்பாதி பெயிண்டால் மூடப்பட்டிருந்தது என்பது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஆளுக்கு நல்லது பண்ணணும்னுதானே போராடுறீங்க? அப்புறம் இதை ஏன் எழுதினீங்க?"

"பார்த்தேன் சார்."

அவர் கோப்பை இரண்டு நாள் வைத்திருந்தார். ஐவரையும் தனித்தனியே வரவழைத்து மறுபடி கேட்டார். போனை அவரே வாங்கி, அந்த ஒரு நிமிடம் நாற்பத்தோரு விநாடியையும் கேட்டார். கேட்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் ஐந்து பங்கை ஏற்று உத்தரவு போட்டார். முன்பாதி அழிந்த பெயரை நான் எழுதாமல் விட்டு, அதை வேறு யாராவது சொல்லியிருந்தால், இந்த ஐந்து வாக்குமூலத்தையும் அவர் நம்பியிருக்க மாட்டார். அதை அவரே பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஐவரும் பணம் கட்டினார்கள். கலைமணி ஐந்தாவதாகக் கட்டினார். கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்ததற்கு அஞ்சப்பன் தனியாக அபராதம் கட்டினார். அதில் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, செய்ய முயலவும் இல்லை. போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். படகில் பெயர் முழுதாக இருக்கிறது. முன்பாதி எழுத்துகளுக்குப் பின்னால் நீலம் மட்டும் சற்றுக் கூடுதல்.

இனி மிச்சக் கதை. வரி கட்டியான பிறகு கலைமணிக்கு மறைக்க எதுவும் இல்லை. வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி தம்பியிடம் கேட்டார். "பத்திரத்துல என் பேருதானே இருக்கு" என்றார் தம்பி. "வீடு தம்பியோடதுன்னு ஊர் பூரா சொன்னது நீதானே?"

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு கலைமணி அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"கேஸ் போடலாங்களா சார்?"

உண்மையைச் சொன்னேன். தன் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்தை என்னுடையது என்று கேட்டு வழக்குப் போட சட்டம் இடம் தருவதில்லை. அப்படி வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால், வீடு இருவருக்கும் இல்லாமல் அரசுக்குப் போகவும் கூடும். அவர் நின்றபடியே கேட்டார். "அந்த எழுதிக் கொடுக்கிறவரு இதைச் சொல்லலைங்க" என்றார்.

செண்பகமும் கலைமணியும் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மாதம் மூவாயிரம் ரூபாய் வாடகை. ஐந்தாம் தேதிக்குள் தம்பியிடம் கொடுத்துவிடுகிறார்கள்.